மில்லிமீட்டரும் மரியாதையும்

நான் ஓய்வு பெற்று ஒரு தீபாவளிதான் கழிந்திருக்கிறது. அதற்குள் எங்கள் பிரிவுப் பிள்ளைகள், “அக்கா, உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். என் காலமாம்! ஏதோ நான் மாட்டு வண்டியில் கதிர்வீச்சை ஏற்றிக்கொண்டு போனவள் மாதிரி. சென்ற மாதம் புது இயந்திரம் வந்திருக்கிறது, பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். கூரையில் கேமராக்கள் தொங்குகின்றன. படுத்திருப்பவரின் உடம்பை அவை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஆள் கொஞ்சம் அசைந்தால் போதும், இயந்திரம் தானாகவே நின்றுவிடுகிறது. “எதுக்காக அசைஞ்சாங்கன்னும் சொல்லுமா?” என்று கேட்டேன். “அதுக்குத்தான் நாங்க இருக்கோம்ல அக்கா” என்றாள் ஒருத்தி. நல்ல பதில். சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடலாம். ஆனால் அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் ஒருமுறை பட்ட பாடு அவளுக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட். புற்றுநோய்க் கட்டி உள்ளவரை மேசையில் சரியாகப் படுக்கவைத்து, டாக்டர் குறித்துக் கொடுத்த இடத்தில், குறித்த அளவு கதிர்வீச்சு விழும்படி இயந்திரத்தை இயக்குவது என் வேலை. திருப்பூர்ப் பக்கம் இதற்குக் ‘கரண்டு வைக்கிறது’ என்று பேர். அது கரண்டு இல்லை என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் விளக்கிப் பார்த்தேன். கேட்டுவிட்டு, “சரிங்க சிஸ்டர், எனக்குக் கரண்டு எப்பங்க வெப்பீங்க?” என்பார்கள். நான் நர்ஸும் இல்லை. போகட்டும் என்று கரண்டையும் சிஸ்டரையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டேன்.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வந்து, திருப்பூர் வேலம்பாளையத்தில் வீடு பிடித்துத் தங்கிவிட்டவர். நான் கோயம்புத்தூரில் டிப்ளமோ படித்தேன். பழைய கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரத்தில் கை பழகி, பிறகு பெரிய இயந்திரத்துக்கு வந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் உண்மையில் படித்ததெல்லாம் டாக்டர் பூங்கோதையிடம்தான்.

அவர் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். குள்ளமான உருவம், காலில் கேன்வாஸ் ஷூ, நடையா ஓட்டமா என்று தெரியாத நடை. பேச்சும் அப்படித்தான். ஒரு வாக்கியம் முடியும் முன்னே அடுத்தது முட்டிக்கொண்டு வரும், அதில் பாதி இங்கிலீஷ். ஆனால் வேலையில் அவரைப் போல நிதானமான ஆளை நான் பார்த்ததில்லை. நோயாளியின் உடம்பில் நாங்கள் வைத்த மைக்குறிகளை ஒவ்வொன்றாகத் தானே கட்டை விரலால் தொட்டுப் பார்ப்பார். விரல் ஜில்லென்று இருக்கக் கூடாது என்று தொடும் முன்பு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். தப்பு நடந்தால் கத்த மாட்டார். நம் பக்கத்தில் வந்து நின்று, “எத்தனை மில்லிமீட்டர்?” என்று மட்டும் கேட்பார். அதற்குக் கத்தியிருந்தாலே தேவலை என்றிருக்கும்.

மில்லிமீட்டர் அவருக்கு ஒரு பைத்தியம் என்றே சொல்லலாம். கட்டியின் மேல் விழ வேண்டியது அரை விரற்கடை தள்ளி விழுந்தால், கட்டி தப்பித்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் நல்ல குடல் வெந்துபோகும். அதனால் அவர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். தினமும் சிகிச்சைக்கு முன்னால், மேசையில் படுத்த நிலையிலேயே ஒரு எக்ஸ்ரே படம் எடுத்து, சிகிச்சையைத் திட்டமிட முதல் நாள் எடுத்த திட்டப் படத்தோடு எலும்புக்கு எலும்பு ஒப்பிட்டு, எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அதோடு இன்னொரு பாதியும் உண்டு. நோயாளிகள் தங்கள் டாக்டரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், டாக்டர் சொல்வது அவர்களுக்குப் புரிகிறதா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, “நம்பி அசையாம படுக்கறாங்களா, பயந்து விறைச்சுக்கிட்டு படுக்கறாங்களான்னு தெரிய வேணாமா?” என்றார்.

கேள்வி கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். “டாக்டரம்மா தங்கமானவங்க.” புரியற மாதிரி சொல்றாங்களா? “நல்லாச் சொல்றாங்க.” ஏதாவது குறை? “குறையா? வாயில மண்ணைப் போட்டுக்கறதுங்களா சிஸ்டர்?” தாராபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், மறுநாளே டாக்டருக்கு ஒரு வாழைத்தாரைச் சுமந்து வந்தார். எங்கள் தெற்குப் பக்கம் என்றால் முதல் நாளே, “என்னம்மா, மனுசன இப்படி அலைய விடுதிய?” என்று முகத்துக்கு நேரே கேட்டிருப்பார்கள். கொங்கு நாட்டுக்காரர்கள் வலியில் உயிர் போனாலும், “கொஞ்சம் வலிக்குதுங்க, பரவாயில்லீங்க” என்பார்கள். டாக்டர் அலுத்துப்போனார். “இதை வெச்சு நான் என்ன எழுதறது? என்னைக் கடவுள்னு எழுதி அனுப்பிடவா?” என்று கேட்டார்.

ஒரே ஒரு அம்மாள் மட்டும் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். எல்லோரும் வெளியே போய் அந்தக் கனத்த கதவைச் சாத்தியதும் பயமாக இருக்கிறது என்றார். டாக்டர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தன் நோயாளிகளைப் படுக்கவைத்ததும், வெளியே எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மைக்கைப் போட்டு, “அம்மா, நான் பூங்கோதை பேசறேன். பயப்படாதீங்க, நான் கேமரால உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கேன்” என்று சொல்வார். அதற்கு அப்புறம்தான் எக்ஸ்ரே, அதற்கு அப்புறம்தான் சிகிச்சை.

அந்த நாட்களில் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தவர் மயிலாத்தாள். ஐம்பது வயது இருக்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அதாவது தைத்து வந்த துணியில் ஓட்டையும் கறையும் இருக்கிறதா என்று பார்ப்பது. கர்ப்பப்பை வாயில் புற்று. குணப்படுத்தக்கூடிய கட்டத்தில்தான் வந்திருந்தார். ஆனால் சிகிச்சை விடாமல் நடக்க வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் கட்டி மறுபடி தலைதூக்கும். முதல் சில வாரம் அவருடைய படங்கள் எல்லாம் அச்சில் வார்த்தது மாதிரி இருந்தன. நல்ல நோயாளி என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

பிறகு ஒரு நாள் படம் கோணலாக வந்தது. இடுப்பெலும்பு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. நேராகத் தள்ளிப் படுத்திருந்தால் மேசையை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். திரும்பிப் படுத்தால் மேசையால் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே போய்ப் பார்த்தேன். மயிலாத்தாள் கோடு போட்ட மாதிரி நேராகப் படுத்திருந்தார். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் மூன்று மைக்குறிகளின் மேலும் சரியாக விழுந்தன. வெளியே வந்து மறுபடி படம் எடுத்தோம். மறுபடி கோணல்.

“அசைஞ்சீங்களாக்கா?”

“அசையவே இல்லீங்களே சிஸ்டர்.”

அந்தம்மா பொய் சொல்கிற ஆளும் இல்லை. டாக்டர் படத்தைப் பார்த்தார். குடல் இருக்கும் இடத்தைப் பேனாவால் சுட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனார். “மேட்ச் ஆகலம்மா, ரொட்டேஷன் இருக்கு, இன்னைக்கு ட்ரீட்மெண்ட் வேணாம், நாளைக்குப் பாக்கலாம்” என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு வந்தார். மயிலாத்தாள், “சரிங்கம்மா” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சிறுநீர்ப்பை நிறைய வேண்டும் என்று நாங்கள் சொன்னபடி அவர் குடித்து வந்த தண்ணீர் எல்லாம் வீண்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். இயந்திரங்களின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பிசிசிஸ்ட் ரகுராமன், ரசமட்டம் வைத்து லேசர்களைச் சோதித்தார். மேசை தொய்ந்துவிட்டதா என்று பார்த்தார். உடம்பு இளைத்துவிட்டதோ என்று புதிதாக ஸ்கேன் எடுத்தோம். எல்லாம் சரி. மற்றவர்களுக்கும் சரி. தலைக்கும் கழுத்துக்கும் சிகிச்சை பெறுகிறவர்களை முகமூடி போட்டு மேசையோடு பூட்டிவிடுவோம், அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. இடுப்புக்கு வந்த இன்னொருவர் ஒடிசாவிலிருந்து வந்த சாயப்பட்டறைத் தொழிலாளி. அவர் படமும் நேராகவே இருந்தது. மயிலாத்தாள் ஒருவருக்கு மட்டும், உள்ளே நேர், வெளியே கோணல். இடைவெளி வளர்ந்துகொண்டே போகிறது என்பது டாக்டரின் முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த நாள் மயிலாத்தாளைப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தபோது, டாக்டருக்கு வார்டிலிருந்து அவசரமாக ஒரு போன். அவர் பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போய்விட்டார். காத்திருக்காமல் நான் படத்தை எடுத்துவிட்டேன். நேர்! திட்டப் படத்தின் மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் போல இருந்தது. ரகுராமன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அதற்குள் டாக்டர் ஓடி வந்து, வந்த வேகத்தில் பழக்கத்தில் மைக்கைப் போட்டார். “மயிலாத்தாம்மா, நான் பூங்கோதை பேசறேன். பாத்துக்கிட்டே இருக்கேன்.”

கேமரா திரையில், மயிலாத்தாளின் கால் மேல் போர்த்திய பச்சைத் துணி ஓரமாக நகர்ந்தது. மூன்று பேரும் பார்த்தோம்.

“திரும்ப எடுங்க” என்றார் டாக்டர். எடுத்தேன். கோணல்.

“நான்தான். நான் மைக்ல பேச ஆரம்பிச்சதுலேர்ந்துதான் இது. என் குரல்தான்” என்றார் டாக்டர். என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் வருவதைப் பார்த்ததும் மயிலாத்தாள் காலை நேராக்கிக்கொண்டார். இத்தனை நாளும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

“நான் பேசினதும் காலை எதுக்கும்மா மடக்கினீங்க?”

“நான் அசையலீங்களே. காலை மட்டும் கொஞ்சம் ஓரமா வெச்சனுங்க.”

“அதுதான், எதுக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். “சொல்லுங்கக்கா, டாக்டரம்மா கோவிச்சுக்க மாட்டாங்க” என்றேன்.

மயிலாத்தாள் கால்மாட்டுச் சுவரில் மாட்டியிருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார். “நீங்க அதுக்குள்ளாரதானுங்க பாக்கறீங்க. அது என்ற காலுக்கு நேரா இருக்குதுங்க. உசுரக் காப்பாத்தறவங்க பாத்துட்டிருக்கறப்ப, அவங்க மூஞ்சிக்கு நேரா காலை நீட்டிட்டுப் படுத்துக்கறதுங்களா? அது நல்லாருக்குங்களா?”

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. ஒடிசாக்காரர் ஏன் நேராகப் படுத்திருந்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. டாக்டர் பேசிய தமிழ் அவருக்கு ஒரு வார்த்தைகூட விளங்கியிருக்காது. டாக்டரும் சிரிக்கப் போனார். ஆனால் ஏதோ தோன்றிச் சட்டென்று கேட்டார்.

“இத்தனை நாளா உங்களைத் திருப்பி அனுப்பினேனே. ஏன்னு என்கிட்ட கேக்கணும்னு தோணலையா?”

“கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமுங்கன்னுதான்.”

“எனக்கு என்ன சங்கடம்?”

“இனிக் கரண்டு வெச்சும் பிரயோசனமில்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்க. அத வாயில சொல்ல மனசு வராம, நாளைக்கு வா, நாளைக்கு வான்னு தள்ளிப் போடறீங்க. நான் வேற கேட்டு உங்களச் சங்கடப்படுத்தோணுங்களா? மருமககிட்டப் பீரோச் சாவியக் கூடக் குடுத்துட்டனுங்க. ஊட்டுக்காரரத்தான் தேத்த முடியலீங்க.”

சொல்லும்போது அவர் அழவில்லை. டாக்டருக்குத் தைரியம் சொல்வது போலத்தான் சொன்னார். இந்த அம்மாள் தினமும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு, சாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே, டாக்டர் மனசு நோகக் கூடாது என்று பஸ் ஏறி வந்து போயிருக்கிறார். இதை என்னிடமாவது கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது.

டாக்டர் ஸ்டூலை இழுத்து அவர் தலைப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். அவர் சிகிச்சை அறைக்குள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, மயிலாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். “உங்க கட்டி கரைஞ்சுக்கிட்டு வருது. கரண்டு நல்லா வேலை செய்யுது. நீங்க திரும்பிப் படுத்ததால குறி தப்புச்சு. குடல் வெந்துடக் கூடாதுன்னு நிறுத்தினேன். உங்களைக் கைவிட்டு நிறுத்தல.”

மயிலாத்தாள் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார். கண்ணீர் இரண்டு காதுக்கும் வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் குறி தப்பிவிடுமோ என்று அப்படியே விட்டுவிட்டார். நான்தான் துடைத்துவிட்டேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. “காலை நீட்டினா எனக்கு ஒண்ணும் கோபமில்ல, தாராளமா நீட்டுங்க” என்றார் டாக்டர். “சரிங்கம்மா” என்றார் மயிலாத்தாள். நாங்கள் வெளியே வந்து மைக்கைப் போட்டதும் பச்சைத் துணி மறுபடி நகர்ந்தது. பிறந்ததிலிருந்து பழகியதை ஒரு சரிங்கம்மாவில் விட்டுவிட முடியுமா? அப்படியானால் நான் இனிப் பேசவே இல்லை என்று டாக்டர் சொன்னதற்கு, “அந்தச் சத்தங் கேட்டாத்தானுங்க எனக்குத் தைரியம்” என்று மயிலாத்தாள் கெஞ்சினார். குரலும் வேண்டும், காலும் நேராக இருக்க வேண்டும். என்ன செய்வது?

டாக்டர் நேரே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, கேமராவைக் கழற்றித் தலைமாட்டுச் சுவரில் மாட்டச் சொன்னார். ரகுராமன், நிர்வாகத்திடம் கேட்க வேண்டாமா என்று இழுத்தார். “நான் பாத்துக்கறேன்” என்று அவர் வாயை அடைத்தார். சுவரில் துளை போட்டு முடியும்வரை மயிலாத்தாள் வெளியே உட்கார்ந்து இன்னும் தண்ணீர் குடித்தார். பிறகு படுக்கவைத்தோம். “அம்மா, இப்ப நான் உங்க தலைமாட்டுல இருக்கேன்” என்றது மைக். துணி அசையவில்லை. படம் நேராக வந்தது. “கரண்டு வைங்க” என்றார் டாக்டர். அவர் வாயில் அந்த வார்த்தை வந்தது அன்றுதான். பொத்தானை அழுத்தினேன். அத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தப் பொத்தானை அழுத்தியதில்லை.

விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக ரகுராமன் கணக்குப் போட்டுத் தந்தார். அதன்படி காலையிலும் மாலையிலுமாகச் சில நாள் சிகிச்சை கொடுத்து முடித்தோம். ஆராய்ச்சியும் நடந்தது. ஆனால் கேள்வி மாறிவிட்டது. டாக்டர் எப்படி என்று அதன் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. “டாக்டரம்மா நேத்து உங்ககிட்ட என்ன சொன்னாங்க? உங்க வாயால சொல்லுங்க பாக்கலாம்” என்று கேட்டேன். வந்த பதில்களைக் கேட்டு டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒருவர் தனக்குப் புற்றே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர், கரண்டு வைத்தபின் பேரனைத் தொட்டால் அவனுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று, தொடாமலே இருந்தார். ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து டாக்டர் மறுபடி சொன்னார். அதற்காகத் தனியாக ஒரு ஸ்டூலே வாங்கினார்கள்.

மயிலாத்தாளின் ரிவ்யூ சில மாதம் கழித்து வந்தது. பரிசோதனை முடிந்து, ஸ்கேன் படமும் பார்த்தாயிற்று. கணவரோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் ஃபைலோடு நின்றிருந்தேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் சொன்னார்.

“மயிலாத்தாம்மா, கட்டி இல்ல. போயிடுச்சு.”

கணவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மயிலாத்தாள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குச் செரியாப் புரியலீங்க. இன்னொருக்கா சொல்லுங்க” என்றார்.

டாக்டரிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். டாக்டரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகச் சொன்னார். “கட்டி இல்லம்மா.”

“இன்னொருக்காங்க” என்றார் மயிலாத்தாள். இந்தத் தடவை அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.